இரண்டாவது பேட்டரி: முதலில் அளந்து பாருங்கள்



மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள், கூடுதல் தூரம் ஓடட்டுமே என்று இரண்டாவது பேட்டரி மாட்டிக்கொள்கிறார்கள். போன மாதம் என் தம்பியும் ஒன்று வாங்கி வந்தான். இரண்டிலும் '48 வோல்ட்' என்றுதான் ஒட்டியிருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் ஒன்றில் 54, மற்றதில் 44! சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று அப்படியே முறுக்கியிருந்தால், நிறைந்ததிலிருந்து குறைந்ததற்கு மின்சாரம் மடை திறந்ததுபோல் பாய்ந்திருக்கும். வயர் உருகுவதும், செல் சூடேறித் தீப்பிடிப்பதும் இப்படித்தான்.

வரிசையாக 13 செல் கொண்ட சாதாரண லித்தியம் அயன் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வோல்ட் காட்டும். 16 செல் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் 58.4 வரை போகும். இரண்டையுமே '48' என்று விற்பதுண்டு. இவற்றை ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. ஒரே வகையாக இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டும் மாற்றுச் சுவிட்சோ, பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் டையோடு அமைப்போ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ், தனி பேட்டரி மேலாண்மை அமைப்பு (பி.எம்.எஸ்.) அவசியம், சார்ஜும் தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

பதிவு செய்யப்படும் மின்சார ஸ்கூட்டர்களின் பேட்டரிக்கு ஏ.ஐ.எஸ். 156 என்ற தரநிலைப்படி பாதுகாப்புச் சோதனைகள் உண்டு. நாமாக மாட்டும் பேட்டரியை யார் சோதிக்கிறார்கள்? முழு சார்ஜ் வோல்டேஜையும் செல் வகையையும் விற்பனையாளர்கள் லேபிளிலேயே தெளிவாக அச்சிட வேண்டும். அதுவரை, மாட்டுகிற கையில் முதலில் மல்டிமீட்டர் இருக்கட்டும்.

– ஒரு வாசகர், ஈரோடு