பட்டா இல்லாத வீடு

கிள்ளானிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகனுக்கு நியூயார்க்கில் வேலை. குவீன்ஸ் வட்டாரத்து ஜாக்சன் ஹைட்ஸில், புதுப்பித்த ஒரு படுக்கையறை வீடு விலைக்கு வருகிறதாம். முன்பணத்துக்குத் தாயாரின் சேமநிதிப் பணத்தைக் கேட்கிறார். "பட்டாவைக் காட்டடா என்றால், பட்டாவே கிடையாது என்கிறான். பிள்ளை ஏமாந்து போவானோ?" என்று கவலைப்படுகிறார்.

பயப்படாதீர்கள், அம்மா. அது 'கோ-ஆப்' வீடு. கட்டடம் முழுவதும் ஒரு கழகத்துக்குச் சொந்தம். வாங்குகிறவர் அந்தக் கழகத்தின் பங்குகளை வாங்குகிறார். எத்தனை அறை, எந்த மாடி என்பதைப் பார்த்துப் பங்குகளைக் கணக்கிடுவார்கள். பங்குப் பத்திரமும், இன்ன வீட்டில் குடியிருக்கலாம் என்ற குத்தகைப் பத்திரமும் கைக்கு வரும்.

நமக்கு இது புதிய சங்கதியா என்ன? 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டப் பாட்டாளிகள் பங்கு சேர்ந்தார்களே, இந்த ரப்பர் மரம் என்னுடையது என்று யாராவது சொன்னார்களா? தோட்டம் சங்கத்துக்கு, பங்கு நமக்கு. நியூயார்க்கிலும் 1916இல் புரூக்ளினில் கூடிக் கட்டிக்கொண்ட பின்லாந்துக்காரர்கள் உழைப்பாளிகள்தாம்.

ஜாக்சன் ஹைட்ஸ் கதை வேறு. 1920ஐ ஒட்டி, நடுவில் பூந்தோட்டம் விட்டுச் சுற்றிலும் வசதியுள்ளவர்களுக்காகக் கட்டிய வீடுகள். யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அன்று அங்கே இடமில்லை. இன்று 74ஆம் தெருவில் சேலைக்கடையும் மளிகைக்கடையும் நெருக்கியடித்து நிற்கின்றன. 7ஆம் எண் ரயில் பிளஷிங்குக்குப் போகிறது. 1977இல் குடமுழுக்குக் கண்ட பிள்ளையார் கோயில் அங்கேதான். பிள்ளை ஆசைப்படுவதில் தப்பில்லை.

ஆனால் 'புதுப்பித்த' என்ற சொல்லில் மயங்க வேண்டாம். பளபளக்கும் அடுப்பு மேடை யார் கண்ணையும் பறிக்கும் (விற்கிறவருக்கும் அது தெரியும்). அந்தக் கட்டடங்களில் சுவரை இடிக்கவும் குழாயை மாற்றவும் நிர்வாகக் குழுவின் எழுத்துமூல அனுமதி வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்தை வீட்டுக்குள் வைக்க விடாத கட்டடங்களும் நிறைய. ஐந்தாம் அவென்யூவில் ஒருவர் சமையலறையைப் பெரிதாக்கப் போய், நீராவிக் குழாயை இடம் மாற்றப் பார்த்தார். குழு தடுத்தது. வழக்கு மாநிலத்தின் உச்ச மன்றம் வரை போய், 1990இல் குழுவின் பக்கமே தீர்ப்பாயிற்று. ஆகவே, முந்தைய சொந்தக்காரர் அனுமதி வாங்கித்தான் புதுப்பித்தாரா என்று மகனின் வழக்கறிஞர் கேட்டாக வேண்டும். திருட்டு வேலையாக இருந்தால், சரிசெய்யும் செலவு உங்கள் பிள்ளையின் தலையில் விழலாம்.

மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு. சொத்து வரி, குளிர்காலச் சூடு, வேலையாட்கள் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். கட்டடத்தின் பேரில் கழகம் வாங்கிய கடன் இருந்தால் அதற்கான தவணையும் அதிலேயே சேரும். வீட்டுக் கடன் அடைந்தாலும் இந்தக் கட்டணம் நிற்காது.

வாங்குவதற்கு முன் நிர்வாகக் குழு பிள்ளையின் வருமான வரிக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் புரட்டிப் பார்க்கும். நேரில் அழைத்துக் கேள்வி கேட்கும். பெண் பார்க்க வந்தவர்கள் கூட அவ்வளவு துருவ மாட்டார்கள்! இனம், மதம் பார்த்து ஒதுக்கச் சட்டம் இடம் தராது. மற்றபடி, காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று அனுப்பிவிட முடியும்.

இனி உங்கள் பணத்துக்கு வருகிறேன். பெற்றோர் முன்பணம் தந்தால், கடன் கொடுக்கும் வங்கி உங்களிடம் ஒரு கடிதம் கேட்கும்: இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டேன் என்று. உள்ளுக்குள் கடன், வெளியே அன்பளிப்பு என்று எழுதுவது வங்கியிடம் பொய் சொல்வதாகும். பிறகு மருமகள் வந்து, மனக்கசப்பு வந்து, "என் பணம்" என்று நீங்கள் கேட்டால், உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். உங்கள் பெயரையும் பங்கில் சேர்க்கலாமே என்றால், அதற்கும் குழு சம்மதிக்க வேண்டும். எல்லாக் கட்டடங்களிலும் சம்மதிப்பதில்லை.

அந்தப் பணம் போனாலும் முதுமைக் காலத்துக்கு உங்களுக்கு மிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால் கொடுக்காதீர்கள். பிள்ளை இன்னும் இரண்டு ஆண்டு வாடகைக்கு இருந்து சேர்க்கட்டும்.

இருக்கிறது, கொடுக்கத்தான் போகிறேன் என்றால், மகனிடம் ஒன்றைக் கேட்டு எழுதுங்கள். வேலை ஊர் மாறினால் அந்த வீட்டை வாடகைக்கு விடக் கழகத்தின் விதி இடம் தருகிறதா? பல இடங்களில் சில ஆண்டுகள் குடியிருந்த பிறகே விடுவார்கள், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். விற்கலாம் என்றாலோ, வருகிறவரையும் அதே குழுதான் நேர்காணும். விதிப் புத்தகத்தையும், கழகத்தின் இரண்டு ஆண்டு வரவு செலவுக் கணக்கையும் வழக்கறிஞர் படித்து முடிக்கும்வரை உங்கள் சேமநிதிப் பணம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.