பதுளையின் புறநகர் எது?

காலை ஐந்தரை மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் பதுளை பஸ் நிலையத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். பசறைப் பக்கமிருந்தும் ஹாலிஎல, தெமோதரைப் பக்கமிருந்தும் ஸ்பிரிங்வெளிப் பக்கமிருந்தும் வரும் பஸ்களில் இறங்குகிறவர்கள் யார்? புடவைக்கடையில் துணி விரித்துக் காட்டும் பெண்கள், பேக்கரியில் மா பிசையும் இளைஞர்கள், மருந்துக்கடைச் சிப்பந்திகள், தையற்காரிகள், கட்டட வேலைக்குப் போகும் மேசன்மார், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்வோர். இவர்களில் பெரும்பாலோர் எங்கே படுத்து எழுந்து வருகிறார்கள்? தோட்டத்து லயத்தில். நகரத்தைத் திறந்து வைப்பவர்களும் மாலையில் அதைக் கூட்டிப் பெருக்கி மூடிவிட்டுப் போகிறவர்களும் இவர்களே.

ஒரு நகரத்தில் உழைத்து, அந்த நகரத்தில் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியாதவர்கள் இரவில் போய்ப் படுக்கும் இடத்துக்கு உலகமெங்கும் ஒரு பெயர் உண்டு: புறநகர். பதுளைக்கும் பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் மலிவான புறநகர் எது என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம், லயங்கள்தான். ஆனால் அரசாங்கமும் கம்பனிகளும் நமது தொழிற்சங்கத் தலைவர்களும், ஏன், நமது பத்திரிகைகளுமே அவற்றை இன்னமும் 'தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு' என்றே அழைத்து வருகின்றன. இதைச் சொல் பற்றிய சில்லறைத் தகராறு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். அந்தப் பெயரை வைத்துத்தான் அங்கே வாழ்பவனுக்கு எந்த உரிமை உண்டு, எது இல்லை என்று தீர்மானிக்கிறார்கள். தொழிலாளியின் குடியிருப்பு தொழிலோடு வரும், தொழிலோடு போகும். புறநகர்வாசியின் வீடு அவனுடையது.

அண்மையில் பதுளைக்கு அருகேயுள்ள ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எந்தத் தோட்டத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். கீழ்க்கணக்கில் ஒரு பழைய லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு, தகரக் கூரை, கூரைமேல் காற்றுக்குப் பாரமாகக் கற்கள். அந்த வரிசையில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் இரண்டே இரண்டு பெண்கள். மற்றைய வீடுகளில் ஒருவர் எல்லையில் ஹோட்டல் வேலை, இன்னொருவர் பதுளையில் முச்சக்கரவண்டி, ஒரு வீட்டில் மகள் ஆடைத் தொழிற்சாலை, வேறொரு வீட்டில் மகன் கொழும்பில் கடை. மாதத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு, தேர்த் திருவிழாவுக்கு என்று அவன் வந்து போகிறான்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா பேசினார். "நாலு வருஷத்துல எனக்கு ஓய்வு வந்துரும் ஐயா. அதுக்கப்புறம் வீட்டுக்கு ஒரு பேராவது செக்ரோல்ல இருக்கணும்னு சொல்றாங்க. மகன் ஹோட்டல்ல நல்லா சம்பாரிக்கிறான். அவன வேலைய விட்டுட்டு மலைக்கு வான்னு எந்த வாயால சொல்றது?" என்று கேட்டார். பின்னால் குசினியை இரண்டடி நீட்டிக் கட்டுவதற்கு அவர் தோட்ட அலுவலகத்தில் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. கட்டினால் யாரும் வந்து இடிக்கப் போவதில்லை என்று அயலவர்கள் தைரியம் சொல்கிறார்கள். ஆனால் இடித்தால் கேட்பதற்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவரும் அவருடைய தாயும் தாயின் தாயும் பிறந்த இடம் அது.

இந்த நிலை தானாக வந்ததன்று. கோப்பிக் காலத்தில், பின்னர் தேயிலைக் காலத்தில், வெள்ளைக்காரத் துரைமார் லயங்களைக் கட்டியது குடும்பங்கள் வாழ்வதற்காக அல்ல. விடியற்காலைப் பெரட்டுக்குத் தப்பாமல் ஆள் வந்து நிற்பதற்காக. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. நாடில்லாதவனுக்குக் காணி ஏது? 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின்கீழ் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை மாறினாரே தவிர லயம் மாறவில்லை. 1992 இல் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கைமாறியது. 53 ஆண்டுக் குத்தகை, 2045 வரை. நாடற்றோர் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முற்றுப்புள்ளி விழுந்தது. வாக்குச் சீட்டும் அடையாள அட்டையும் கிடைத்தன. வீட்டுக்கு உறுதி கிடைக்கவில்லை.

நகர நிர்வாகத்தின் கண்ணுக்கும் இந்தப் புறநகர் தெரியவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் இருந்த 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை தாராளமாகப் பணம் செலவிட இடங்கொடுக்கவில்லை. தோட்டத்தில் வாழ்பவன் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர், அவனுடைய லயத்துக்குப் போகும் பாதைக்குக் கல் போட முடியாது! அதைத் திருத்துவதற்கு 2018 வரை, முப்பத்தொரு ஆண்டுகள் சென்றன. பல தோட்டங்களில் கடிதம் இன்னமும் தோட்ட அலுவலகத்துக்கு வந்துதான் வீட்டுக்கு வருகிறது. நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த கதைகளை மலையகத்தில் கேட்காதவர் உண்டா?

இனி வெளியே கொஞ்சம் பார்ப்போம். ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட்டுக்குத் தெற்கே ஃபுவென்லப்ரதா என்று ஓர் ஊர் இருக்கிறது. 1970 இல் அங்கே இருபதாயிரம் பேர்கூட இல்லை. எக்ஸ்த்ரமதூரா, அந்தலூசியா போன்ற வறிய பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி மாட்ரிட்டுக்கு வந்தவர்கள் தலைநகரில் வீடு வாங்க வழியில்லாமல் அங்கேயும் ஹெதாஃபே, லெகனேஸ், பார்லா போன்ற அண்டை ஊர்களிலும் மலிவான அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். இன்று ஃபுவென்லப்ரதாவின் சனத்தொகை ஏறத்தாழ 190,000. அந்த ஊர்கள் அழகானவை என்று யாரும் சொல்வதில்லை. ஆரம்பத்தில் பள்ளிக்கூடம் போதாது, வீதி செப்பனிடப்படவில்லை, தண்ணீர்க் குறை என்று அங்கேயும் ஆயிரம் முறைப்பாடுகள். எழுபதுகளில் குடியிருப்பாளர் சங்கங்கள் தெருவில் இறங்கின. 1979 இல் சனநாயக முறையிலான நகரசபைத் தேர்தல் வந்தது. நகருக்குப் போய்வர மின்சார ரயில். 2003 இல் அந்தத் தெற்கு ஊர்களில் பலவற்றை ஒன்றோடொன்று இணைத்து வட்டமாக ஓடும் சுரங்க ரயில்.

ஸ்பெயின்காரர் நம்மைவிடக் கெட்டிக்காரர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அங்கே ஒரு தொழிலாளி தொழிற்சாலையை விட்டுவிட்டுக் கடைக்கு வேலைக்குப் போனால், 'வீட்டைக் காலி செய்' என்று எவரும் சொல்வதில்லை. அவனுடைய மகள் ஆசிரியையானால் அந்த வீட்டில் அவளுக்கு இருக்கும் உரிமை ஒரு மயிரிழையும் குறைவதில்லை. வேலை வேறு, வீடு வேறு. இந்தச் சாதாரண நியாயம்தான் ஊவாவின் தோட்டங்களில் இருநூறு ஆண்டுக்காலமாக மறுக்கப்பட்டு வருகிறது.

கம்பனிக்காரர்கள் சொல்லும் பதிலை நான் அறியாதவனல்லன். "தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்குத் தோட்டத்து வீடு எதற்கு? எல்லாரும் நகரத்துக்குப் போய்விட்டால் கொழுந்தெடுப்பது யார்?" என்பார்கள். முதற் கேள்விக்குப் பதில்: அந்த மண் கம்பனியின் மண் அன்று, அரசாங்கத்தின் மண், கம்பனி குத்தகைக்காரர். குத்தகைக்காரர், தமக்கு முன்பே தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்களைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்பது விந்தை. இரண்டாவது கேள்விக்கு அவர்களுடைய சம்பளப் பட்டியலே பதில். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கு எத்தனை ஆண்டுகள் போராட்டம் நடந்தது! 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டத்தில்தான் 1,550 ரூபாவும், வரவுக்கு அரசாங்கம் கொடுக்கும் 200 ரூபாவுமாக 1,750 என்று அறிவிக்கப்பட்டது. அதுவும் நிர்ணயித்த கிலோவை எடுத்தால்தான் முழுப்பேர், இல்லையேல் அரைப்பேர். நல்ல சம்பளம் கொடுத்தால் ஆள் வரும். சம்பளத்தால் பிடித்து வைக்க முடியாத ஆளை வீட்டால் பிடித்து வைப்பதற்கு என்ன பெயர் என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

அடுத்த சாட்டு மண்சரிவு. "மலைச்சரிவில் எங்கே வீடு கட்டுவது?" என்கிறார்கள். சரிதான், எங்கே கட்டுவது? 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலையிலும் தற்காலிகக் கொட்டகைகளிலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கிடந்த பிறகுதான் மாகல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016 ஒக்டோபரில் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலையில் மீண்டும் சரிவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே புரட்டியபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. 'எழுந்து போ' என்று எச்சரித்தால் போவதற்கு அவனுக்கு வேறு காணி இருக்க வேண்டுமே! ஆகவே மண்சரிவை உறுதி கொடுக்காமைக்குக் காரணமாகக் காட்டுவது தலைகீழ் நியாயம். பாதுகாப்பான இடத்தில் உடனே காணி கொடுக்க வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு இல்லை.

நமது தலைவர்களையும் விட்டுவைப்பதற்கில்லை. இந்திய அரசின் உதவியில் மத்திய, ஊவா மாகாணங்களின் தோட்டங்களுக்கு முதலில் 4,000 வீடுகள். மேலும் 10,000 வீடுகள் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தார். அதற்கு அடிக்கல் நாட்டிய விழா 2024 பெப்ரவரியில். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தலைமையில் 2,000 பேருக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் ஆட்சிகள் மாறின, அமைச்சர்கள் மாறினார்கள். மேடையும் மாலையும் பட்டாசும் மாறவில்லை. கிடைத்ததை நான் குறை கூறவில்லை. ஏழு பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி நிலம், லயக் காம்பராவோடு ஒப்பிட்டால் பெரிய விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டையும் ஒரு தலைவரின் கொடையாக்கி, வாங்கியவனைக் கும்பிட வைக்கும் இந்த வழக்கம் எப்போது ஒழியும்? உரிமையைப் பிச்சையாக வாங்கிப் பழகியவன், அது பறிபோகும்போதும் வாய் திறக்க மாட்டான். அதுதான் பலருக்கும் வசதி.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதலாவது, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும், செக்ரோலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்கவும் ஈடு வைக்கவும் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கவும் கூடிய முழு உறுதி. 'பயனாளிப் பத்திரம்', 'உரித்துக் கடிதம்' என்ற பெயரில் சுற்றிவளைத்த காகிதங்கள் வேண்டாம். வங்கிக்காரர் ஏற்றுக்கொள்வாரா என்பதே உரைகல். இரண்டாவது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானதென்று சொல்லும் நிலத்தில், பஸ் ஓடும் வீதிக்கு அருகில் புதிய கிராமங்கள். தேயிலை விளையாத மூலை எதுவோ அதை வீட்டுக்கு ஒதுக்கும் வழக்கம் முடிவுக்கு வரவேண்டும். மூன்றாவது, வீட்டுக்கு இலக்கம், வீதிக்குப் பெயர், வாசலுக்கு வரும் தபாற்காரர். நான்காவது, 2018 இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டதால், பதுளை மாவட்டத்தின் ஒவ்வொரு பிரதேச சபையும் தோட்டங்களுக்கு ஆண்டுதோறும் என்ன செலவிட்டது என்ற கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஸ்காபரோவிலோ ஹரோவிலோ பாரிஸின் புறநகரிலோ கடன்பட்டு ஒரு வீடு வாங்கியபோது, நகரத்துக்குத் தூரம், ரயிலில் நெரிசல் என்று சலித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனாலும் சாவி கையில் விழுந்த அன்று, இனி எவனும் என்னை எழும்பிப் போ என்று சொல்ல முடியாது என்று ஒரு கணம் மூச்சு விட்டிருப்பீர்களல்லவா? விடுமுறைக்கு வந்து தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, நீங்கள் தங்கிய ஹோட்டலில் உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்த தம்பியிடம், "வீடு எங்கே?" என்று மட்டும் கேளாதீர்கள். "வீடு யாருடைய பெயரில்?" என்றும் கேளுங்கள். அவன் சொல்லும் பதிலை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.