பச்சைத் துணி கட்டி யாரை மறைக்கிறீங்க?



குற்றால சீசனுக்கு வர்ற சொந்தக்காரங்க அப்படியே நம்ம ராயகிரி வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போவாங்க. பாய் விரிப்போம், இருக்கிற சோத்தைப் போடுவோம். விருந்தாளி கண்ணுல படக் கூடாதுன்னு வீட்டுக் கிழவியைத் தொழுவத்துல அடைக்கிற வழக்கம் இங்கே எவனுக்கும் கிடையாது.

டெல்லியில் அதைத்தான் செய்தார்கள்!

2023 செப்டம்பர் 9, 10 ஜி-20 மாநாடு. வெளிநாட்டுத் தலைவர்கள் கண்ணில் படாமலிருக்கக் குடிசைகளைப் பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள். வசந்த் விஹார் பக்கம் அப்படி மறைக்கப்பட்ட ஒரு பகுதியின் பெயரே ‘கூலி கேம்ப்’. மாநாடு நடந்த பிரகதி மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜனதா கேம்ப்பைச் சில மாதம் முன்னாடியே இடிச்சுத் தள்ளியாச்சு. கேட்டா ஆக்கிரமிப்பாம், மாநாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம்!

2020 பிப்ரவரியில் டிரம்ப் வந்தப்போ அகமதாபாத்தில் துணிகூட இல்லை, சுவரே எழுப்பினாங்க.

சரி, மறைஞ்சுதா? வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் அந்தத் துணியையே படம் பிடிச்சு உலகம் பூரா காட்டிட்டான்.

இங்கே மட்டும் என்ன வாழுதாம்? சென்னையில் கூவம் கரை மக்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு ஊருக்கு வெளியே தள்ளினதில் மாறி மாறி ஆண்ட ரெண்டு கட்சிக்கும் பங்கு உண்டு. பொதிகை ரயில் ஏறிப் பொழைக்கப் போற நம்ம பிள்ளைகளும் அந்தச் சென்னைக்குத்தான் போகுது.

துணிக்குச் செலவழிச்ச காசுல அந்தக் கூலி கேம்ப்புல நாலு கக்கூஸ் கட்டியிருக்கலாம். அடுத்த மாநாட்டுக்காவது துணி வேண்டாம், குடியிருக்கிற இடத்துக்குப் பட்டா கொடுங்க!

– ராயகிரி பேரூர்க் கிளை
#மறைக்காதே_பட்டாகொடு