வரிச்சுவரும் வாணிபமும்

2025 ஆகஸ்டிலே அமெரிக்கா, இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது 50 சதவீத வரி போட்டது. இந்திய இறாலை மிகுதியாக வாங்கிவந்த நாடு அது. கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் குட்டைக்காரருக்குக் கவலை பிறக்காதா? உடனே ஒரு குரல் கிளம்பிற்று: “வெளிநாட்டு வாணிபமே வேண்டாம், எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வோம்!”

வீரமான பேச்சுதான், விவரமான பேச்சா, தோழர்களே?

சிதம்பரத்து வண்டலிலே நெல். பண்ருட்டிச் செம்மண்ணிலே முந்திரி. மண்ணுக்கேற்றதை விளைத்து மாற்றிக்கொள்கிறோம். இது யாவருக்கும் தெரியும். இரண்டையும் ஒருவனே சிறப்பாகச் செய்வான் என்றால்? அப்போதும் மற்றவனிடம் வாங்குவது அவனுக்கு லாபமா?

லாபமே என்று 1817இல் கணக்குக் காட்டினார் டேவிட் ரிக்கார்டோ. ஓர் அளவு துணிக்கு இங்கிலாந்திலே 100 ஆள், மதுவுக்கு 120 ஆள். போர்ச்சுகலிலோ துணிக்கு 90, மதுவுக்கு 80. இரண்டிலும் போர்ச்சுகலே கெட்டிக்காரன்! ஆயினும் மதுவை மட்டும் செய்து, ஒன்றுக்கு ஒன்றாகத் துணிக்கு மாற்றினால் அவனுக்கு 10 ஆள் மிச்சம்; இங்கிலாந்துக்கு 20 ஆள் மிச்சம். வாணிபம் என்றாலே கொள்ளை என முழங்கும் நம் மேடைப் பேச்சாளர்கள், இதைத் தாளிலே ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

கேடு வாணிபத்திலே இல்லை. வாசலை அடைப்பதிலே இருக்கிறது. கடலூர் கண்ட கதை இது. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, இக்கரை நெசவாளர் நெய்த துணியைக் கப்பலேற்றியது. நெசவிலே மேன்மை நமக்கு! லண்டன் என்ன செய்தது? 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு, சாயமிட்ட, அச்சிட்ட பருத்தித் துணியைத் தடுத்தது. வெள்ளைத் துணிக்குக் கடும் வரி. தன் ஆலைகள் கொழுத்தபின், தடையற்ற வாணிபம் என்று நமக்கே உபதேசம்!

அன்று லண்டன், 2025இலே வாஷிங்டன். இதற்கு விடை நம் கதவையும் சாத்துவதல்ல. ஒரே வாடிக்கைக்காரனை நம்பிக் கிடக்காமல் பத்து நாட்டுச் சந்தைகளைத் தேடுவது.

இன்னொன்றும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் முந்திரிக் கொட்டையும் பண்ருட்டியிலே உடைபடுகிறது. மரம் அங்கே, கைத்திறன் இங்கே. ரிக்கார்டோ பார்த்தால் மகிழ்வார். ஆனால் ஓட்டெண்ணெய் பட்டுப் புண்ணாகும் அந்தப் பெண்களின் கைக்கு, மிச்சத்திலே பங்கு எவ்வளவு? அவருடைய கணக்கிலே அதற்கு விடை கிடையாது. கூலிப் பேச்சிலே சங்கத் தோழர்தான் கேட்டாக வேண்டும்.