பேத்திக்குச் சுவர், தாத்தாவுக்கு மெத்தை

சுவர் ஏறுவதற்குக் காசு கட்டிப் போகிறார்கள் என்றால் நம் வயதுக்காரர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். நம் காலத்தில் மதில் ஏறினால் முதுகில்தான் கிடைக்கும். இப்போது பெரிய ஊர்களில் அதற்கென்றே கூடங்கள் வந்துவிட்டன. பெங்களூரில் இருக்கும் என் பேத்திக்குப் பதினோரு வயது. அப்படி ஒரு கூடத்தில் சேர வேண்டுமாம். "என்னப்பா சொல்றீங்க?" என்று மகன் கேட்டான். "சேர்க்கலாம், ஆனால் கூடத்தைப் பார்த்துச் சேர்" என்றேன்.

இது நமக்கு அந்நியமான வித்தை இல்லை. சித்தன்னவாசல் குன்றின் மேல் ஏழடிப்பட்டம் இருக்கிறதே, பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்து ஏறுவதால்தான் அந்தப் பெயர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர்கள் அப்படி ஏறிப்போய், வழவழவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகளில் படுத்தார்கள். பனையேறிகளும் வழுக்குமரமும் நம் மண்ணில் உண்டு.

விளையாட்டாக இது வளர்ந்த இடங்களில் முக்கியமானது பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள ஃபோந்தேன்ப்ளோ காடு. சின்ன வயதில் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த மொழியில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அங்கே மணற்பாறைகளில் கயிறில்லாமல் ஏறுவதை 'ப்ளோக்' என்கிறார்கள். 1947லேயே அம்புக்குறி போட்டு ஏறும் வழியை அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். இப்போது எளியது மஞ்சள், கடினமானது கறுப்பு என்று வண்ண வரிசை வைத்திருக்கிறார்கள். இன்றைய கூடங்களில் கலர் கலராகக் கைப்பிடிகள் இருப்பதும் அதே மாதிரி ஏற்பாடுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 15 மீட்டர் சுவரை இந்தோனேசியாவின் வெத்ரிக் லியோனார்டோ 4.75 வினாடியில் ஏறித் தங்கம் வாங்கினார். நாம் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் உச்சியில்!

கூடங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று கயிறு கட்டி உயரமாக ஏறுவது. மற்றது போல்டரிங். சுவர் சுமார் நாலரை மீட்டருக்குள் இருக்கும், கயிறு கிடையாது, விழுந்தால் கீழே மெத்தை. உயரம் குறைவுதானே என்று அலட்சியம் வேண்டாம். போல்டரிங்கில் ஒவ்வொரு விழுதலும் தரையில்தான் முடியும். கணுக்காலும் மணிக்கட்டும்தான் அதிகம் அடிபடும்.

ஆகவே கூடத்துக்குப் போனால் முதலில் சுவரைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். மெத்தை சுவரை ஒட்டி முழுக்க விரித்திருக்க வேண்டும். இரண்டு மெத்தைக்கு நடுவே கால் நுழையும் சந்து இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். அடுத்து, கைப்பிடிகளை ஆட்டிப் பார்த்தால் சுழலக் கூடாது. கயிறுச் சுவராக இருந்தால், ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் முடிச்சையும் இடுப்புப் பட்டியையும் இன்னொருவர் சரிபார்க்கிறாரா என்று கவனியுங்கள். கையில் பூசும் வெள்ளைப் பொடி புகைபோல் நிற்கிறதா, காற்றோட்டம் உண்டா என்றும் பாருங்கள். வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு அது முக்கியம்.

எல்லாவற்றையும்விட, பயிற்சியாளர் முதல் நாளில் என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்று பாருங்கள். விழக் கற்றுக்கொடுப்பவர்தான் நல்ல ஆசான். இரண்டு காலும் ஊன்றி, முழங்காலை மடக்கி, பின்னால் உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. இறங்கத் தெரிந்த பிள்ளை பாதி தூரம் இறங்கி வந்துதான் குதிக்கும்.

இன்னொன்று, பெற்றோர் அதிகம் அறியாதது. வளரும் வயதில் விரல் எலும்பின் வளர்ச்சிப் பகுதி மென்மையானது. பத்துப் பதினாறு வயதில் விரல் நுனியில் தொங்கும் கடும் பயிற்சி கொடுத்தால் அங்கே விரிசல் விழலாம். நடுக்கணுவில் வலி நீடித்தால் தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். "வலித்தால்தான் வளரும்" என்று சொல்லும் பயிற்சியாளர் வேண்டவே வேண்டாம்.

எடுத்தவுடன் ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள். தள்ளுபடி என்பார்கள். ஒருநாள் கட்டணத்தில் இரண்டு தடவை அனுப்புங்கள். நீங்களும் கூட்டம் உள்ள மாலை நேரத்தில் போய் ஓரமாக உட்காருங்கள். ஏறுகிறவருக்குக் கீழே சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடினால், அங்கே கண்காணிக்க ஆள் இல்லை என்று அர்த்தம்.

நம் மாவட்டத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை என்று திரும்பிய பக்கமெல்லாம் பாறை நிற்கும் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஏறும் ஆசை வராமல் இருக்குமா? ஆனால் கல்வெட்டும் ஓவியமும் உள்ள பாறைகள் விளையாட்டுத் திடல் அல்ல. அவற்றில் ஏறுவது பிள்ளைக்கும் ஆபத்து, பாறைக்கும் கேடு. அதட்டி இறக்கிவிட்டால் மட்டும் போதாது, ஏற வேறு இடம் காட்ட வேண்டும். மாவட்ட விளையாட்டு அரங்கில் நாலரை மீட்டர் உயரத்தில் ஒரு சுவர், கீழே நல்ல மெத்தை, முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர். அடுத்த முறை மனுக் கொடுக்கப் போகும் நண்பர்கள் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.