ஆடிப் பார்க்கலாம்: எந்தப் பேயாக உட்காரப் போகிறீர்கள்?

பேய்ப்படம் பார்க்கும்போது நாம் வழக்கமாகப் பயப்படுகிறவர் பக்கம்தான் இருப்போம். 2011-ல் வந்த 'காஞ்சனா'வில் மட்டும் ஃப்ளாஷ்பேக் முடிந்ததும் தியேட்டரே பேய் பக்கம் சாய்ந்தது. அந்தப் பேய்க்கு ஒரு பெயர் இருந்தது, குடும்பம் இருந்தது, தீராத ஒரு கணக்கும் இருந்தது.

அந்தப் பேயின் இடத்தில் நீங்களே உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுத்தால் எப்படி இருக்கும்? அதற்கென்றே ஒரு வகை விளையாட்டு இருக்கிறது. பெயர் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். போர்டு கிடையாது, காய் கிடையாது. நாலைந்து பேர், ஒரு நோட்டு, சில பகடைகள் போதும். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதைசொல்லி சூழலைச் சொல்வார், நீங்கள் உங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வீர்கள். நடக்குமா, நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை பேசும்.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி. அதில் நீங்கள் வீரர், பூதத்தை வெட்டலாம். 1991-ல் மார்க் ரெயின்ஹேகன் கணக்கைத் திருப்பிப் போட்டார். அவருடைய 'வேம்பையர்: தி மாஸ்கரேட்' ஆட்டத்தில் இன்றைய நகரத்தில் மனிதர்களோடு மனிதராக ஒளிந்து வாழும் ரத்தக் காட்டேரியே நீங்கள்தான். அதன் பிறகு ஓநாய் மனிதர், ஆவி, மந்திரவாதி என்று இந்த வரிசையில் ஆட்டங்கள் குவிந்துவிட்டன. புதிதாக ஆட நினைப்பவருக்கு இப்போது பிரச்னையே, இதில் எதை எடுப்பது என்பதுதான்.

பெரும்பாலானோர் 'எந்தப் பேய்க்கு சக்தி அதிகம்?' என்று பார்த்து எடுக்கிறார்கள். இரண்டாவது வாரமே சலித்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பேய்க்கு எது பசி? அந்தப் பசிக்காக அது எதை இழக்கும்?

ஏரிக்கரையில் ஓர் ஆட்டம்

பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களில் ஒன்று பசியாவரம். பெயரைப் பிரித்துப் படித்தால் 'பசியா வரம்' என்று வரும். பசியே எடுக்காத வரம்! பேய் ஆட்டம் ஆட இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அந்த ஊரில் ஒரு புயல் எச்சரிக்கை நாள் என்று வைத்துக்கொள்வோம். படகுகள் கரையேறிவிட்டன, கரன்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. நாலு நண்பர்கள் விளக்கைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் இருக்கும் தேர்வுகள் இவை.

ரத்தப் பசி என்றால்...

'வேம்பையர்' ஐந்தாம் பதிப்பு 2018-ல் வந்தது. இதன் உயிர்நாடி பசிப் பகடை. உங்கள் பசி 0 முதல் 5 வரை ஓர் எண். பசி ஏற ஏற, நீங்கள் உருட்டும் பத்துமுகப் பகடைகளில் அத்தனை பகடைகள் பசிப் பகடைகளாக மாறும். அவற்றில் மோசமான எண் விழுந்தால் உங்களுக்குள் இருக்கும் மிருகம் தலைதூக்கும். ஜெயித்தாலும் சில நேரம் அந்த ஜெயிப்பு ரத்தக்களரியாக முடியும். இன்னொரு விதியும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பசியைக் குறைக்கலாம். முழுசாகப் பூஜ்யமாக்க ஒரே வழி, ஒரு மனிதரைக் கொல்வது. 'பசியா வரம்' கிடைக்கும், விலை ஓர் உயிர்.

ஆட்டம் எப்படிப் போகும் என்பதற்கு ஒரு சாம்பிள்:

"ராத்திரி ரெண்டு மணி. ஏரியில ஒருத்தர் மட்டும் தனியா வலை இழுத்துக்கினு இருக்காரு. உனக்குப் பசி நாலு. இன்னா பண்ற மச்சான்?"

"அவரு யாருடா?"

"உன் தாய்மாமன்."

இந்த இடத்தில் மேசை அமைதியாகிவிடும். அந்த அமைதி பிடிக்கும் என்றால் இதுதான் உங்கள் ஆட்டம். இது பெரியவர்களுக்கான ஆட்டம், 18 வயதுக்குக் கீழே வேண்டாம்.

கோபம்தான் பசி என்றால்...

'வேர்வுல்ஃப்: தி அபோகலிப்ஸ்' 1992-ல் வந்தது, அதன் ஐந்தாம் பதிப்பு 2023-ல். இதில் நீங்கள் ஓநாயாக மாறும் மனிதர். பூமியைச் சீரழிக்கும் சக்திகளோடு மோதுவது உங்கள் வேலை. பசிக்குப் பதில் இங்கே கோபம். அளவு மீறினால் வெறி பிடித்து நண்பனையே கடிப்பீர்கள். பூஜ்யமானால் ஓநாய் மனித உருவம் எடுக்க முடியாது. கோபம் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால்தான் போராட முடியும் என்று விதியே சொல்கிறது. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இறால் வரத்து என்ன ஆகும் என்று தெரிந்த ஊரில், இந்த ஆட்டத்துக்குக் கதை தேடி வெளியே போக வேண்டியதில்லை.

கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால்...

'அர்பன் ஷாடோஸ்' 2015-ல் வந்தது. ஆண்ட்ரூ மெடிரோஸ், மார்க் டியாஸ் ட்ரூமன் இருவரும் எழுதியது. சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டு போதும், பரமபதப் பகடையே எடுத்துக்கொள்ளலாம். மனிதர், இரவு, அதிகாரம், காடு என்று நாலு அணிகள். இங்கே பணத்தைவிடப் பெரியது கடன். யார் யாருக்கு எந்த உதவிக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று நோட்டில் எழுதியே ஆட வேண்டும். வலைக்கும் மோட்டாருக்கும் முன்பணம் வாங்கி, பிடித்த மீனை அவரிடமே கொடுத்துத் தீர வேண்டிய வாழ்க்கை பல கடற்கரைகளில் உண்டு. அந்தக் கணக்கு நோட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த விதி ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

கூட ஆள் இல்லை என்றால்...

டிம் ஹட்சிங்ஸ் உருவாக்கிய 'தௌசண்ட் இயர் ஓல்ட் வேம்பையர்' ஒருவரே உட்கார்ந்து டைரி எழுதி ஆடுவது. சாகாத ஒரு காட்டேரியின் நூற்றாண்டுகளை எழுதிக்கொண்டே போக வேண்டும். அதன் மனதில் ஐந்து நினைவுகளுக்குத்தான் இடம். புதிது வந்தால் பழையதில் ஒன்றை நீங்களே அடிக்க வேண்டும். கடைசியில் அம்மாவின் பெயர் மறந்திருக்கும், ஆனால் உயிர் இருக்கும்.

இதைப் பழவேற்காட்டில் ஆரம்பித்துப் பாருங்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி ஏற்றிய இதே கடற்கரையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகப் படாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். படாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. ஊரில் மிஞ்சியிருக்கும் டச்சுக் கல்லறையின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன. உங்கள் காட்டேரி அந்தக் கோட்டையின் கணக்கராக இருந்திருந்தால், 400 ஆண்டுகளில் எதை முதலில் மறக்க விரும்பும்?

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால்...

மைக்கேல் சாண்ட்ஸின் 'மான்ஸ்டர் ஆஃப் தி வீக்' பாருங்கள். இதில் நீங்கள் பேய் இல்லை, பேயைத் தேடிப் போகும் கூட்டம். ஒரு மாலைக்கு ஒரு மர்மம், ஆட்டம் முடிந்துவிடும். பயத்தின் அளவைப் பெரியவர் ஒருவர் கையில் வைத்துக்கொண்டால், பத்துப் பன்னிரண்டு வயதினரும் சேரலாம்.

உங்கள் பேய், இன்னொருவரின் சாமி

இத்தனை ஆட்டமும் மேல்நாட்டில் எழுதப்பட்டவை, விதிப்புத்தகம் ஆங்கிலம். ஒருவர் படித்து மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னால் போதும். பேய்களையும் நம் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். கொள்ளிவாய்ப் பிசாசு, மோகினி, முனி என்று நம்மிடம் ஸ்டாக்குக்குக் குறைவில்லை.

ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். சினிமாவுக்குக் காட்டேரி என்றால் கோரப்பல். வட தமிழகத்தில் பல குடும்பங்களுக்கோ காட்டேரி அம்மன் படையல் போட்டுக் கும்பிடும் தெய்வம். தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன நம்மவர்கள் கயானா வரைக்கும் அவளைக் கொண்டுபோய்க் கும்பிட்டிருக்கிறார்கள். மேசையில் எதிரே இருப்பவரின் குலசாமியை நீங்கள் வில்லனாக்கிவிட்டால், அதன் பிறகு அது விளையாட்டாக இருக்காது.

இந்தத் தவறைப் பெரிய கம்பெனிகளே செய்திருக்கின்றன. 'வேம்பையர்' ஆட்டத்தின் ஆரம்பப் பதிப்புகளில் ராவ்னோஸ் என்றொரு குலம் வந்தது. இந்தியாவிலிருந்து புலம்பெயர்ந்தவர்களின் வழிவந்த ரோமா மக்களை அதில் திருட்டோடும் ஏமாற்றோடும் முடிச்சுப் போட்டார்கள். கண்டனம் எழுந்து, பின்னால் மாற்றி எழுதினார்கள். 2018-ல் இன்னும் மோசம். செச்சன்யாவில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் நிஜமாகவே வேட்டையாடப்பட்டதை, காட்டேரிகளின் சதித்திட்டமாகக் கதையில் சேர்த்தார்கள். எதிர்ப்பு வெடித்தது. உரிமையாளரான பாரடாக்ஸ் நிறுவனம் அந்த நவம்பரில் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பகுதியை நீக்கியது. 'ஒயிட் வுல்ஃப்' தனி நிறுவனமாகச் செயல்படுவதும் அதோடு முடிந்தது.

உயிரோடு இருப்பவர்களின் வலியைப் பேய் மேல் போட்டால், செய்தவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். கோட்டைக் கணக்கர் காட்டேரியாகலாம். ஆனால் மனிதரை விற்றது மனிதர்தான் என்பது கதையில் மறையக் கூடாது.

வலை போடும் முன் பாடு

பழவேற்காடு ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பங்கிடும் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு உண்டு. முதலில் உட்கார்ந்து பேசுவார்கள், பிறகுதான் வலை. பேய் ஆட்டத்துக்கும் அப்படி ஒரு பேச்சு அவசியம். பகடையைத் தொடும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

* கோடு: எது கதையில் வரவே கூடாது? குழந்தைகளுக்குத் துன்பம், தற்கொலை, கடலில் மூழ்குவது என்று ஆளுக்கு ஒன்று இருக்கலாம். காரணம் கேட்காதீர்கள்.
* திரை: எது நடக்கலாம், ஆனால் விவரிக்கக் கூடாது? அந்த இடம் வந்ததும் சினிமா போல 'கட்' செய்து அடுத்த காட்சிக்குப் போய்விடுங்கள்.
* எக்ஸ் கார்டு: ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் அறிமுகப்படுத்திய எளிய வழி. ஒரு அட்டையில் பெரிய பெருக்கல் குறி போட்டு நடுவில் வையுங்கள். யார் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நீக்கம், விளக்கம் தேவையில்லை.

மீனவ ஊரில் கடல் எடுத்துக்கொண்ட ஒருவர் இல்லாத தெரு அபூர்வம். ஏரியில் மிதக்கும் ஆவி சிலருக்கு ஜாலியான திகில். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அப்பாவாக இருக்கலாம். அந்த அட்டை அவருக்காக.

ஆக, முதல்முறை ஆடுகிறவர்கள் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துத் தனி ஆளாக டைரி ஆட்டத்தில் தொடங்குங்கள். பிடித்திருந்தால் மூன்று பேரைச் சேருங்கள். அவர்களிடம் 'நீ எந்தப் பேய்?' என்று கேட்கும் முன், 'உனக்கு எது வேண்டாம்?' என்று கேளுங்கள்.