மயக்க டாக்டரிடம் மறைக்காதீங்க!

வேப்பம்பட்டு ஸ்டேஷன். காலை ஐந்தரை மணி. சென்னை போகிற லோக்கலுக்காக நிற்கிறான் நம்ம நண்பன் ஒருத்தன். அன்றைக்கு ஒன்பது மணிக்கு அவனுக்கு மூக்குத்தண்டு ஆபரேஷன். 'நைட்டுக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது'ன்னு சொல்லித்தான் அனுப்பியிருந்தாங்க. ஆனா, பாய்லர் டீ வாசனை யாரை விட்டது? ஒரு டீ, ஒரு பன்.

"ஏதாவது சாப்பிட்டியாப்பா?"

"இல்ல சார்."

ஊசியைப் பார்த்ததும் உண்மை வெளியே வந்துடுச்சு. ஆபரேஷன் தள்ளிப் போச்சு. 'ஒரு டீக்கு இவ்ளோ பில்டப்பா?'ன்னு பயலுக்குச் செம கடுப்பு.

உங்களுக்கும் அப்படித் தோணுதா? கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

முழு மயக்கம்ங்கிறது ஒரே மருந்து இல்லீங்க, ஒரு டீம்! பால் மாதிரி வெள்ளையா இருக்கும் புரொபோஃபால், நரம்பில் ஏறிய ஒரு நிமிஷத்துக்குள்ள நினைவை அணைச்சுடும். வலியைப் பார்த்துக்கொள்வது ஃபென்டனில். வெக்குரோனியம் தசைகளைத் தளர்த்தும். கூடவே மூச்சும் நின்னுடும். அதனாலதான் தொண்டையில் குழாய், பக்கத்தில் மெஷின். ஆபரேஷன் முடியும் வரை மயக்கம் கலையாமல் காப்பது செவோஃப்ளூரேன் மாதிரியான வாயு.

சாதாரணமா தண்ணி வழி மாறிப் போனா புரை ஏறும், இருமுவீங்க. மயக்கத்தில் அந்தக் காவல்காரனும் தூங்கிடுவான். வயிற்றில் இருக்கிற டீயும் பன்னும் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினா உயிருக்கே ஆபத்து. பொதுவா, லேசான சாப்பாடு, பால் எல்லாம் 6 மணி நேரம் முன்னாடியே ஸ்டாப். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. ஆனா, உங்க டாக்டர் சொல்வதுதான் ஃபைனல்.

'மயக்க மருந்து ஏன் சில பேரைக் கொல்லுது?'ன்னு ஒரு காலத்தில் ஹைதராபாத்தில் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. 1888, 89-ல் நிஜாமின் ஆதரவோட எட்வர்ட் லாரி என்ற டாக்டர் குளோரோஃபார்ம் சோதனைகள் நடத்தினார். 'மூச்சைக் கவனிச்சாப் போதும், இதயத்துக்கு ஆபத்தில்லை'ன்னு முடிவு சொன்னாங்க. பாதிதான் சரி! குளோரோஃபார்ம் நேரா இதயத்தையே நிறுத்தும்னு பிற்பாடு நிரூபணமாச்சு. அதனால இன்னிக்கு மூச்சு, இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாத்தையும் மானிட்டர் பார்க்குது.

ஆனா, நீங்க மறைக்கிறதை எந்த மானிட்டரும் காட்டாது பாஸ்!

சிகரெட், தண்ணி, கஞ்சா, ஆஸ்துமா, அலர்ஜி, தினமும் போடுற மாத்திரை, ஆடுற பல், வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமல் போனது... கேட்டால் உள்ளதைச் சொல்லுங்க. மருந்தின் அளவும் தேர்வும் அதை வைத்தே மாறும். அப்பா பக்கத்தில் நிற்கிறாரா? 'டாக்டர், தனியாப் பேசணும்'னு சொல்லுங்க, போதும். தோழிகளே, நெயில் பாலிஷையும் லிப்ஸ்டிக்கையும் அழிச்சுட்டுப் போங்க. உதடும் நகமும் நீலமாகுதான்னு அவங்க பார்க்கணுமே!

நம்ம நண்பன்? அடுத்த முறை சமர்த்தா காலி வயிற்றோடு போய் ஆபரேஷன் முடிச்சுட்டான். போன வாரம் அதே பிளாட்பாரத்தில் கையில் டீயோடு சொல்றான்: "மச்சான், இவ்ளோ நாளா இந்த வாசனை பாதிதான்டா வந்திருக்கு!"